பழைய கோர்ட் கட்டடத்தைப் பழுதுபார்த்து இன்றைய பயன்பாட்டுக்குக் கொண்டுவருதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய கோர்ட், கச்சேரி (அரசு அலுவலகம்) கட்டடங்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள், பொறியாளர்கள், ஒப்பந்ததாரர்கள், வக்கீல் சங்கத்தினர் ஆகியோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

இந்தக் கட்டடங்களுக்கு அப்படி என்ன தனிச்சிறப்பு?

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால், அதாவது இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி, கிழக்கிந்தியக் கும்பினி வசம் வந்தது. அதன் நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் வேலை பார்த்தார். வரி வசூல், வழக்கு விசாரணை இரண்டும் அப்போது ஒரே கச்சேரியில்தான் நடந்தன. 1816-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டங்களோடு முன்சீப் கோர்ட் தனியாகப் பிரிந்தது. நம் பக்கத்து ஊர்களில் தாலுகா ஆபீஸ், கிளைச்சிறை, கோர்ட் மூன்றும் ஒரே வளாகத்தில் நிற்பதற்குக் காரணம் இந்த வரலாறு.

கட்டுமானம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அடித்தளமும், நிலத்துக்கு மேல் உள்தரை மட்டம்வரை எழும் பீடமும் கருங்கல். சுவர் 450 முதல் 600 மி.மீ. தடிமனில் கருங்கல் அல்லது செங்கல். கலவை சுண்ணாம்பு, சில இடங்களில் உள்ளே மண் கலவை, வெளியே சுண்ணாம்புப் பாயிண்டிங் (கல் இணைப்புகளை நிரப்பும் வேலை). மேலே மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டை மேல் செங்கல் அடுக்கிய தட்டைக் கூரை) அல்லது மங்களூர் ஓடு, சுற்றிலும் தாழ்வாரம். இவற்றில் எதிலும் சிமெண்ட் கிடையாது. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் செலவு குறையாதா?

சுவரும் அடித்தளமும் நன்றாக இருக்கும் கட்டடத்தில் குறையாது. பெரிய செலவு கூரையில்தான். தடித்த சுவரும் உயரமான கூரையும் சித்திரை வெயிலில் தரும் குளுமையைப் புதுக் கட்டடத்தில் ஏசி வைத்துத்தான் வாங்க வேண்டும். அடித்தளம் ஒரு பக்கமாக இறங்கி, சுவர் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் சாய்ந்திருந்து, அந்தச் சாய்வு கூடிக்கொண்டும் போனால் கணக்கு மாறும். அதை அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். பார்வைக்குப் பயமாக இருக்கிறது என்பது இடிப்பதற்குக் காரணம் ஆகாது.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முதலில் கட்டடம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும், மாநிலத் தொல்லியல் துறையிடம் இருந்தால் 1966-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமும் பொருந்தும். எந்தப் பட்டியலிலும் இல்லாத மரபுக் கட்டடங்களுக்கென்று 2012-இல் தமிழ்நாடு மரபுடைமை ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

பலரும் தவறவிடுவது பக்கத்து இடம். ராயக்கோட்டைக் கோட்டையைப் போல மத்தியத் தொல்லியல் துறையின் சின்னம் அருகில் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. தடைப் பகுதியில் புதுக் கட்டுமானமே கூடாது; ஒழுங்குமுறைப் பகுதியில் ஜெனரேட்டர் அறை கட்டவும் அனுமதி கேட்க வேண்டும்.

கோர்ட் நடக்கும் கட்டடம் என்றால் மாவட்ட நீதிபதி வழியாக உயர் நீதிமன்றத்தின் ஒப்புதல் தேவை. வேலை முடியும்வரை கோர்ட் வேறிடத்தில் அமர்வதற்கும் அந்த ஒப்புதல் வேண்டும். பொதுப்பணித் துறையில் மரபுக் கட்டடங்களுக்கென்றே பிரிவு இருக்கிறது. மதிப்பீடு போடும் முன்பே அவர்களை அழைத்துவிடுவது நல்லது. போட்ட பிறகு அழைத்தால் எல்லாவற்றையும் திருத்த வேண்டி வரும்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கூரை, மழைநீர், வெளித்தரையின் மட்டம். இந்த மூன்றும் சரியாகும் முன் உள்ளே ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். ஒழுகும் கூரையின் கீழே பூசிய சுவர் அடுத்த ஐப்பசிக்குள் உதிர்ந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஆய்வு. கட்டடத்தை அறை அறையாக அளந்து வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று படம் எடுங்கள். மரச் சுத்தியலால் பூச்சைத் தட்டிக்கொண்டே போய், 'டொக்' என்று வெற்றொலி வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். விரிசலின் இரு பக்கமும் பிடிக்கும்படி மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டையும் பார்க்காமல் விரிசலை அடைக்கக் கூடாது. பல விரிசல்கள் வெயிலில் விரிந்து மழையில் மூடுபவை. அவற்றை விறைப்பான பொருளால் நிரப்பினால் பக்கத்தில் புதிதாக ஒன்று கிளம்பும்.

மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது. மேலே வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் அடித்தால் போதாதா?

போதாது, பல நேரம் அதுவே கெடுதலாகிவிடும். இந்தக் கூரையின் அமைப்பைப் பார்த்தால் காரணம் தெரியும். தேக்குக் கட்டைகள் சுமார் 450 மி.மீ. இடைவெளியில் கிடக்கும். அவற்றின் மேல் 25 மி.மீ. தடிமனுள்ள சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, கட்டைக்குக் குறுக்காகக் கோணத்தில் சுண்ணாம்புக் கலவையோடு அடுக்கியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட், எல்லாவற்றுக்கும் மேலே தட்டையான ஓடு. மழையில் சிறிது ஈரம் உள்ளே போகும், வெயிலில் அது வெளியேறிவிடும். மேலே ரப்பர் போன்ற பூச்சு அடித்தால் ஏதோ ஒரு கீறல் வழியாகப் புகும் நீருக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. அது கீழிறங்கித் தேக்குக் கட்டையில் உட்காரும். கூரை ஒழுகுவது நின்றதுபோல் இருக்கும், கட்டையோ உள்ளுக்குள் மக்கிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கல் எடை. ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் பழையதை எடுக்காமல் மேலேயே ஒரு தளம் போட்டிருப்பார்கள். 75 மி.மீ. கூடுதல் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ. கட்டை தொய்வதற்கு இதுவே முதல் காரணம். ஓரிடத்தில் வெட்டிப் பார்த்து எத்தனை தளம் ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள்.

சரியான முறை: கீழே முட்டுக் கொடுத்து, மேலேற்றிய தளங்களைக் கையால் வெட்டி எடுங்கள். மெஷின் வேண்டாம், அதிர்வில் நெட்டுக்கல் கழன்று விழும். செங்கல் ஜல்லி 25 மி.மீ. அளவுக்கு உட்பட்டதாக இருக்கட்டும். நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்து, போடும் முன் தண்ணீரில் ஊறவையுங்கள். ஜல்லியின் கன அளவில் பாதி சுண்ணாம்புக் கலவை. 100 மி.மீ. பரப்பி மரக்கட்டையால் அடித்துச் சுமார் 75 மி.மீ.-க்குக் கொண்டுவர வேண்டும். குறைந்தது மூன்று நாள், மெதுவாக இறுகும் சுண்ணாம்பு என்றால் ஒரு வாரம்வரை அடிக்க வேண்டும். அடிக்கும் கட்டை துள்ளி எழும்பினால் தளம் இறுகிவிட்டது. கடுக்காய் ஊறல், வெல்லத் தண்ணீர் தெளித்தபடி அடிப்பது பழைய வழக்கம், பலனும் தரும். ஆனால் வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். அளவைச் சோதனைத் துண்டில் முடிவு செய்துகொள்ளுங்கள். சரிவு 60-க்கு 1-க்குக் குறையக் கூடாது. மேல் தளத்தை ஈரச் சாக்கு போட்டு இரண்டு வாரம் காயாமல் காக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாதீர்கள். சுண்ணாம்புக் கலவையால் வளைவாக ஏற்றிவிடுங்கள். பெரும்பாலான ஒழுகல் அந்த மூலையில்தான் தொடங்குகிறது.

மழைநீர்க் குழாய் எத்தனை வேண்டும்?

மணிக்கு 100 மி.மீ. மழை என்று கணக்கிட்டால் 100 மி.மீ. குழாய் ஒன்று சுமார் 42 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும். 300 சதுர மீட்டர் கூரைக்கு எட்டுக் குழாய். பழைய கட்டடத்தில் நான்கு இருக்கும், அதிலும் இரண்டை அரசங்கன்றும் புறாக்கூடும் அடைத்திருக்கும். குழாயைச் சுவருக்குள் புதைக்காமல் சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளிப் பொருத்துங்கள். மழைநீர்ச் சேகரிப்புக் குழி சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அடித்தளத்தை ஒட்டித் தோண்டினால் சேகரித்த நீர் அடித்தளத்துக்கே போகும்.

தேக்குக் கட்டைகள் மேலுக்கு நன்றாகத்தானே தெரிகின்றன?

நடுப்பகுதி நன்றாகத்தான் இருக்கும். கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் நுனி. கூரான கம்பியால் சுவர் ஓரத்தில் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் கம்பி இரண்டு மூன்று மி.மீ.-க்கு மேல் இறங்காது; மக்கியதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் போகும். ஈரமானி 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மேலே எங்கோ நீர் வருகிறது. தொய்வு, நீளத்தில் 240-இல் ஒரு பங்குக்கு மேல் போனால் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தாக வேண்டும். 4.8 மீட்டர் கட்டைக்கு அது 20 மி.மீ.

நுனி மட்டும் கெட்டிருந்தால் முழுக் கட்டையை மாற்ற வேண்டியதில்லை. நல்ல மரம் தொடங்கும் இடம்வரை வெட்டி, பழைய தேக்கை நீண்ட சரிவு வெட்டில் இணைத்து, துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடலாம். அல்லது இருபுறமும் எஃகுத் தகடு வைத்து நீட்டலாம். மீண்டும் சுவரில் வைக்கும்போது கருங்கல் தாங்கி மேல் வைத்து, மூன்று பக்கமும் 25 மி.மீ. காற்று இடைவெளி விடுங்கள். அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைக்கும் கொத்தனாரைப் பக்கத்திலிருந்தே தடுக்க வேண்டும். அடைப்பது அவருக்கு நல்ல வேலை போலத் தோன்றும், மரமோ அங்கே மூச்சுமுட்டிப் போகும்.

சுவரின் அடிப்பகுதி ஓதம் காத்து, உப்புப் பூத்து, பெயிண்ட் உரிகிறது. என்ன செய்வது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலும் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். பெயிண்ட் உரிந்த இடத்தில் சிமெண்ட் பூசுவார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டைத் தாண்டி ஆவியாக முடியாமல் இன்னும் மேலே ஏறும். முன்பு இரண்டடி உயரத்தில் இருந்த உப்புக்கோடு நாலடிக்குப் போகும். அங்கேயும் சிமெண்ட் பூசுவார்கள்.

வெளியிலிருந்து தொடங்குங்கள். பல பத்தாண்டுகளாகச் சாலையும் வளாகமும் உயர்ந்து, கருங்கல் பீடமே மண்ணுக்குள் போயிருக்கும். பேவர் பிளாக்கைச் சுவர்வரை ஒட்டிப் பதித்திருப்பார்கள். மழைத்துளி அதில் பட்டுச் சுவரில் தெறிக்கும். சுற்றிலும் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தோண்டி, வெளிமட்டம் உள்தரையைவிடக் குறைந்தது 150 மி.மீ. கீழே வரும்படி இறக்குங்கள். நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். வக்கீல்கள் கை கழுவும் குழாய், சைக்கிள் ஷெட்டின் கூரை நீர், ஏசியிலிருந்து சொட்டும் நீர் இவை எங்கே விழுகின்றன என்றும் பாருங்கள்.

அதன்பின் சிமெண்ட் பூச்சைக் கை உளியால், ஈரக்கோட்டுக்கு அரை மீட்டர் மேலேவரை எடுங்கள். செங்கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தால் நிறுத்திவிட்டு ஓரத்திலிருந்து மெதுவாகப் பெயருங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். 450 மி.மீ. சுவர் காய ஒரு முழுக் கோடை வேண்டும். தை மாதம் பூச்சை எடுத்து, வைகாசியில் சுண்ணாம்புப் பூச்சுப் போடத் திட்டமிடுங்கள். திறப்பு விழாத் தேதிக்காக இதைச் சுருக்கினால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும்.

மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும், நான்கைந்து மெல்லிய கைகளாக. பிளாஸ்டிக் எமல்ஷனும் சிமெண்டின் வேலையைத்தான் செய்யும்.

சுண்ணாம்புக் கலவையை எப்படித் தயார் செய்வது?

சுட்ட கல்சுண்ணாம்பு புதிதாக, கட்டியாக வர வேண்டும். மூட்டையில் தூளாகிக் கிடப்பது காற்றில் செத்தது. தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கல். மாற்றிச் செய்தால் வெடித்துத் தெறிக்கும். இப்படி நீரில் தாளிக்கும்போது தண்ணீர் கொதிநிலைக்கே போகும். கண்ணாடி, கையுறை, ரப்பர் பூட்ஸ் இல்லாமல் யாரையும் தொட்டிக்குப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தாளித்ததைச் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் நீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் ஊறவையுங்கள். பதம் வந்தது கரண்டியில் தெரியும்: எடுத்துக் கவிழ்த்தால் வெண்ணெய்போல் வழுக்கி விழும், விரலால் தேய்த்தால் நெருநெருப்பு இருக்காது. ஊறாத துணுக்கு சுவருக்குப் போனால் மாதங்கள் கழித்து அங்கே நீர்த்துப் பருத்து, பூச்சில் அம்மைத் தழும்புபோல் குழி குழியாகத் தெறிக்கும்.

பூச்சுக்குச் சுண்ணாம்பு 1, கழுவிச் சலித்த மணல் 2 முதல் 3. ஈரம் அதிகமுள்ள அடிச்சுவருக்கு மணலில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகச் செங்கல் தூள், அதாவது சுர்க்கி. எம்-சாண்டில் கல்மாவு அதிகம் இருந்தால் பூச்சு மயிரிழை வெடிப்பு விடும். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்து, மேலே படியும் மாவு எவ்வளவு என்று பாருங்கள். கலவையைச் செக்கிலோ இயந்திரத்திலோ அரைக்க வேண்டும். மண்வெட்டியால் புரட்டியது அரைத்ததற்கு ஈடாகாது.

முதல் கை 12 மி.மீ., இரண்டாவது 8 மி.மீ., மேல்பூச்சு 2 அல்லது 3 மி.மீ. ஒவ்வொன்றுக்கும் இடையே கீழ்க்கை இறுகும்வரை பொறுக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. வெயில் படும் சுவருக்கு ஈரச் சாக்கு கட்டுங்கள். பூச்சு இரண்டு வாரம் ஈரம் காத்தால்தான் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாகும். ஒரே நாளில் காய்ந்தது கை வைத்தால் மாவாக உதிரும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளில் கரைந்த உப்பு அதிகம். அந்தத் தண்ணீரில் கலந்த பூச்சு, சுவரில் ஓதமே இல்லாவிட்டாலும் உப்புப் பூக்கும். தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, தேவையானால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

கருங்கல் சுவருக்குச் சிமெண்ட் பாயிண்டிங் செய்தால் என்ன? கல் கெட்டியானதுதானே?

கல் கெட்டி என்பதால்தான் கூடாது. கருங்கல் ஈரத்தை ஏறத்தாழ வாங்காது. சுவரின் ஈரம் முழுவதும் இணைப்புகள் வழியாகத்தான் போய்வருகிறது. அந்த இணைப்பைச் சிமெண்டால் மூடினால், நடுவில் மண் கலவை உள்ள சுவரில் ஈரம் தங்கி, மண் கரைந்து கீழிறங்கும். வெளியே கல் அப்படியே நிற்கும், உள்ளே பொந்து விழும், ஒருநாள் முகப்புக் கல் வயிறு தள்ளும். இணைப்பை 25 மி.மீ. ஆழம் சுரண்டி, ஈரமாக்கி, 1-க்கு 2.5 சுண்ணாம்புக் கலவையை அழுத்தி நிரப்பி, கல் முகத்துக்குச் சற்று உள்ளே நிறுத்துங்கள். கல்லின் மேல் பட்டைபட்டையாகக் கோடு இழுப்பது வேண்டாம். பொந்து விழுந்த சுவருக்குச் சுண்ணாம்புக் குழம்பைக் கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கி, தானாக இறங்கும் வேகத்தில் ஊற்ற வேண்டும். பம்ப் வைத்து அழுத்தினால் முகப்பே பிதுங்கிவிடும்.

பக்கத்திலேயே கிரானைட் தொழிற்சாலைகள். தரைக்குப் பாலிஷ் கிரானைட் போட்டுவிடலாமே?

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கல் மலிவாகக் கிடைப்பதால் இந்த யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். பழைய கல் பாவிய தரை ஈரத்தை இணைப்புகள் வழியாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் சிமெண்டில் கிரானைட் ஒட்டினால் தரையின் ஈரம் சுவர் ஓரங்களுக்கு ஒதுங்கி, சுவரில் ஏறும். தரையில் காசு போட்டுச் சுவரில் ஓதத்தை வாங்குவது இது. பழைய கல்லை எண்ணிட்டுத் தூக்கி, கீழே மணலும் சுண்ணாம்பும் சமன்செய்து மறுபடி பதியுங்கள். உடைந்த கல்லுக்கு உள்ளூர்க் கருங்கல்லைக் கை உளி முகத்தோடு வெட்டி வாங்கலாம். உள்ளூர்க் கல்லுக்கு உரிய இடம் அதுதான்.

கோர்ட் ஹாலில் சாட்சி சொல்வது காதில் விழுவதில்லை. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?

எதிரொலி உள்ள அறையில் மைக் வைத்தால் எதிரொலிதான் பெரிதாகும். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5.5 மீட்டர் உயரமுள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். கன அளவு 528 கன மீட்டர். வெறும் பூச்சும் கல் தரையும் உள்ள ஹாலின் ஒலி உறிஞ்சும் அளவு ஏறத்தாழ 21 சதுர மீட்டர். கன அளவை 0.161-ஆல் பெருக்கி அந்த 21-ஆல் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் 4 விநாடி. 40 பேர் உட்கார்ந்தாலும் 2.3 விநாடி. பேச்சு தெளிவாகக் கேட்க ஒரு விநாடி அளவுக்கு வர வேண்டும். அதற்கு உறிஞ்சும் அளவு 85 சதுர மீட்டர் தேவை, 40 பேரோடு சேர்த்து இருப்பது 37. மீதிக்கு 80 சதவீதம் உறிஞ்சும் பலகை 60 சதுர மீட்டர் வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் போடாதீர்கள். கட்டையை மறைத்துவிடும், ஒழுகுவதும் தெரியாது. கட்டைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் துணி சுற்றிய கனிமக் கம்பளிப் பலகைகளை 40 சதுர மீட்டர் தொங்கவிட்டு, மீதி 20-ஐ டயஸுக்கு எதிர்ச் சுவரின் மேற்பகுதியில் வைக்கலாம். திருகைக் கழற்றினால் கையோடு வரும்படி பொருத்துங்கள். வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பங்கா (கயிற்றால் இழுக்கும் பழைய துணி விசிறி) தொங்கிய இரும்பு வளையங்கள் இருந்தால் அவற்றை அறுக்காமல் விட்டுவிடுங்கள்.

இதற்கு இவ்வளவு இடம் ஒதுக்குவது ஏன் என்றால், கூண்டில் நிற்பவர் சொன்னது பெஞ்சுக்கும், பெஞ்ச் சொன்னது பின்வரிசையில் இருக்கும் கட்சிக்காரருக்கும் கேட்காத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கோர்ட் ஆகாது. காணொளி விசாரணைக்கும் இதே திருத்தம்தான் அடிப்படை.

ஏசி, வயரிங், கேபிள்?

சுவரை வெட்டாதீர்கள். பழைய மரக் கேசிங் ஓடிய தடத்திலேயே உலோகக் குழாயை வெளிப்படையாக ஓட்டுங்கள். கல்லில் ஆணி அடிக்காமல் இணைப்பில் மட்டும் பிடிமானம் கொடுங்கள். டேட்டா கேபிளும் மின்சாரமும் தனித்தனிக் குழாயில். புது எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான், மின்னல் எழுச்சித் தடுப்பான் மூன்றும் கட்டாயம்.

தாழ்வாரக் கதவுகளையும் மேல் காற்றுத் துவாரங்களையும் அடைத்துவைத்த பலகைகளை அகற்றி, மின்விசிறியைத் தரையிலிருந்து 2.7 மீட்டரில் தொங்கவிட்டாலே பாதி அறைகளுக்கு ஏசி தேவைப்படாது. சர்வர் அறைக்கும் காணொளி அறைக்கும் தேவை. வெளி யூனிட்டை முகப்பில் மாட்டாமல் பின்பக்கத் தரையில் வையுங்கள். ஒரு யூனிட் ஈரமான நாளில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட நீர் விடும். அந்தக் குழாய் சுவரடியில் முடிந்தால் ஓதத்துக்கு நீங்களே தண்ணீர் ஊற்றுகிறீர்கள்.

ரெக்கார்ட் ரூமை மாடியில் வைக்கலாமா?

கூடாது. ஒரு மீட்டர் அகலம், 400 மி.மீ. ஆழமுள்ள ஆறு தட்டு ரேக்கில் தட்டுக்கு 40 கிலோ கட்டு என்றால் 240 கிலோ, அதாவது ரேக் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 600 கிலோ. நடுவில் நடைபாதை விட்டால் சராசரி பாதியாகக் குறையும். நடைபாதையே இல்லாத நகரும் காம்பாக்டர் வாங்கினால் முழு 600-ம் தளத்தின் மேல் விழும். ரெக்கார்ட் அறைக்கு, கட்டடம் தாங்க வேண்டிய சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 கேட்பதே சதுர மீட்டருக்கு 5 கிலோ நியூட்டன், ஏறத்தாழ 500 கிலோ. மெட்ராஸ் டெரஸ் இதற்கானது அல்ல. தரைத்தளத்தில், வெளிச்சுவரிலிருந்து 150 மி.மீ. தள்ளி, கீழ்த்தட்டு தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் வையுங்கள். தீயணைப்புக்குக் கார்பன் டை ஆக்சைடு, புகை உணரி, இரண்டு மணி நேரம் தாங்கும் கதவு.

மாற்றுத்திறனாளிகள், பாதிக்கப்பட்ட சாட்சிகள், கைதிகள்: எல்லோருக்கும் வழி எப்படி?

சாய்தளம் 12-க்கு 1. பீடம் 600 மி.மீ. என்றால் 7.2 மீட்டர் நீளம், 900 மி.மீ. என்றால் 10.8 மீட்டரும் நடுவே 1.5 மீட்டர் ஓய்வுத் தளமும். அகலம் 1.2 மீட்டர், இருபுறமும் இரண்டு உயரத்தில் கைப்பிடி. பாலிஷ் கல் வேண்டாம். தீயால் சொரசொரப்பாக்கிய கல்லே மழையில் வழுக்காது. சாய்தளத்தைச் சுவரோடு ஒட்டாமல் 50 மி.மீ. விட்டு, தன் காலில் நிற்கும்படி கட்டுங்கள். அதை முன்வாசலிலேயே வையுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரைப் பின்பக்கமாக வரச் சொல்வது நியாயமில்லை.

பலவீனமான நிலையிலுள்ள சாட்சிகளுக்குத் தனி விசாரணை மையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது, 2022-இல் அதை விரிவுபடுத்தியது. பழைய கட்டடத்தில் பின் தாழ்வாரமும் ஓர அறையும் இதற்கு வசதியாக அமையும்: தனி வாசல், தனிக் கழிப்பறை, காணொளி இணைப்பு. கைதிகளை அழைத்துவரும் பாதை இந்த வழியைக் குறுக்கிடக் கூடாது. கழிப்பறைகளைப் பழைய சுவருக்குள் நுழைக்காமல், தாழ்வாரத்தால் இணைந்த சிறிய தனிக் கட்டடமாகக் கட்டுங்கள்.

கரையான், அரசங்கன்று, வௌவால்?

கரையானுக்குப் பீட மட்டத்தில் 300 மி.மீ.-க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை, 45 பாகைச் சாய்வில். கல்லில் அல்ல, இணைப்பில். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. என்றால் லிட்டருக்கு 2.1 மி.லி., துளைக்கு ஒரு லிட்டர்வரை. அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், சுவரும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி தடவி, வேர் செத்துக் காய்ந்தபின் கல்லைக் கழற்றி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பால் நிரப்புங்கள். வௌவால்களை மாலையில் வெளியேறிய பின், குட்டி இல்லாத காலத்தில் வலையிட்டுத் தடுக்க வேண்டும்.

டெண்டரில் கவனிக்க வேண்டியது என்ன?

விலைப் பட்டியலில் சுண்ணாம்பு வேலைக்குச் சரியான வகை இல்லை என்று சிமெண்ட் வகையையே போட்டுவிடுவது முதல் தவறு. தனி விலைப் பகுப்பாய்வு செய்யுங்கள். 'பழுது பார்த்தல், ஒட்டுமொத்தம்' என்று எழுதாதீர்கள். எந்தச் சுவர், எத்தனை சதுர மீட்டர், எத்தனை கட்டை நுனி என்று எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மீட்டர் சதுர மாதிரியைச் சுவரிலேயே செய்யச் சொல்லி, ஒப்புக்கொண்ட மாதிரியை முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். பூச்சை உரித்த பிறகுதான் தெரியவரும் வேலைக்கென்று 20 சதவீதம் ஒதுக்குங்கள். தொகை குறைவாகக் கேட்டவர் என்பதைவிட, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அவரிடம் இருக்கிறாரா என்பது முக்கியம். அதைத் தகுதி நிபந்தனையிலேயே வைத்துவிட வேண்டும்; பிறகு கேட்க முடியாது.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

இங்கே கோடை இடிமழை, தென்மேற்கு, வடகிழக்கு மூன்றும் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில்தான் கனம். ஆய்வும் டெண்டரும் மழைக்காலத்தில் முடியட்டும். எங்கே ஒழுகுகிறது என்று நேரில் பார்க்கவும் அதுவே சரியான காலம். தையில் கூரையைத் திறந்து சித்திரைக்குள் மூடிவிட வேண்டும். ஒரே நேரத்தில் முழுக் கூரையையும் திறக்காமல் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். கோடை மழைக்குத் தார்ப்பாய் தயாராக இருக்கட்டும். கோர்ட்டை மொத்தமாக இடம் மாற்ற முடியாவிட்டால், சத்தமும் தூசியும் உள்ள வேலையை மே மாத விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்த பிறகு யார், என்ன பார்க்க வேண்டும்?

பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளரும், கோர்ட்டின் பொருட்களைப் பராமரிக்கும் நாஜர் பிரிவில் ஒரு பதிவேடும் வேண்டும். ஆனி, ஆவணி, கார்த்திகை என வருடம் மூன்று முறை கூரைக்கு ஏறி, தழையை அள்ளி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பார்த்துத் தேதியோடு எழுத வேண்டும். சுண்ணாம்பு வெள்ளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. ஒலிப் பலகைகளைக் கழற்றிக் கட்டை நுனியில் கம்பி குத்திப் பார்ப்பது வருடம் ஒருமுறை. அடுத்து வரும் ஒப்பந்ததாரர் பழக்கத்தில் சிமெண்டைக் குழைத்துவிடாமல் இருக்க, கலவை விகிதத்தையும் மணல், சுண்ணாம்பு எங்கே வாங்கியது என்பதையும் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, பூச்சின் ஒரு துண்டைப் பையில் போட்டு அட்டையோடு தைத்து வையுங்கள்.